பயோடெக்னாலஜின்னா இன்னா? நம்ம வேலூர் பக்கம் அடிக்கடி கேக்கற கேள்விகளும் பதில்களும்

எனக்கு ஊர் குடியாத்தம், வேலூர்ல பயோடெக் படிச்சேன், இப்ப லேப் வேலை. சொந்தக்காரங்க, தெருவுல இருக்கறவங்க, நிலம் வெச்சிருக்கற பெரியப்பா, தோல் ஷாப்புல வேலை பாக்கற அண்ணனுங்க எல்லாம் பாக்கறப்பலாம் கேக்கற கேள்விங்கள ஒரே இடத்துல எழுதி வெச்சிட்டேன். எனக்கு இதுல ஒரே ஒரு ஆதங்கம்தான், பயோடெக்னு சொன்னாலே ஒன்னு "ஐயோ விஷம்"னு ஓடறாங்க, இல்லனா "ஆஹா சர்வரோக நிவாரணி"னு காச குடுக்கறாங்க. ஒவ்வொன்னையும் தனித்தனியா பாக்கணும், எந்த உயிரு, அதுல எந்த ஜீனு, அது இன்னா வேலை செய்யுதுன்னு கேக்கணும். அப்படி கேட்டாலே பாதி குழப்பம் போய்டும்.

பயோடெக்னாலஜின்னா இன்னா, சுருக்கமா சொல்லுப்பா

உயிருள்ள ஒன்ன, அதோட செல்ல, இல்ல அது செய்யற புரதத்த நமக்கு வேண்டிய வேலைக்கு பயன்படுத்தறது. தயிர் உறைய வெக்கறதும் இதுல வரும், கள்ளு புளிக்கறதும் வரும், இட்லி மாவு பொங்கறதும் வரும். இந்த பேர வெச்சது கார்ல் எரெக்கின்னு ஹங்கேரிக்காரர் ஒருத்தர், 1919-ல. ஆனா இன்னிக்கு நாம பேசற பயோடெக் 1973-க்கு அப்பால வந்தது, ஒரு உயிரோட ஜீன வெட்டி எடுத்து இன்னொரு உயிருக்குள்ள ஒட்ட முடியும்னு அமெரிக்கால கோஹனும் போயரும் செஞ்சு காட்டினாங்க, அதுல இருந்துதான் வேகம் புடிச்சிது.

ஜீன், டிஎன்ஏ எல்லாம் கண்ணால பாக்க முடியுமா?

ஒத்த டிஎன்ஏவ பாக்க முடியாது, ஆனா மொத்தமா திரண்டு வந்தா பாக்கலாம், வீட்லயே செய்யலாம், பசங்கள கூட வெச்சுக்கிட்டு செய்ங்க. பாதி பழுத்த வாழைப்பழத்த நல்லா மசிச்சுக்கோங்க. அரை டம்ளர் தண்ணில அரை ஸ்பூன் உப்பும் கொஞ்சம் பாத்திரம் கழுவற லிக்விடும் போட்டு நுரை வராம மெதுவா கலக்கி, அதுல பழத்த போட்டு பத்து நிமிஷம் விட்டுட்டு துணில வடிகட்டுங்க. மெடிக்கல்ல கிடைக்கற சர்ஜிக்கல் ஸ்பிரிட்ட முன்னாடியே ஃப்ரிட்ஜ்ல வெச்சு ஜில்லுனு ஆக்கி வெச்சிருக்கணும், அடுப்பு பக்கம் மட்டும் கொண்டு போகாதீங்க. டம்ளர சாய்ச்சு புடிச்சு ஓரமா அந்த ஸ்பிரிட்ட ஊத்தினா மேல தனியா நிக்கும், ரெண்டும் சேர்ற இடத்துல வெள்ளையா வழவழன்னு நூல் மாதிரி கிளம்பி வரும். செல்ல சுத்தி இருக்கற கொழுப்பு சவ்வ சோப்பு உடைக்குது, டிஎன்ஏ ஒன்னோட ஒன்னு சேர உப்பு உதவுது, ஸ்பிரிட்ல அது கரையாததால வெளிய வந்துடுது. வர்றது அத்தனையும் சுத்தமான டிஎன்ஏ இல்ல, பழத்தோட பெக்டினும் புரதமும் சேர்ந்துதான் வரும்.

அந்த நூல்ல ஒரு புரதத்த எப்படி செய்யணும்னு எழுதி இருக்கற ஒரு பகுதிதான் ஜீன்.

இன்சுலின பன்னில இருந்து எடுக்கறாங்களா? மேல்விஷாரத்துல ஒரு பாய் கேட்டாரு

நியாயமான கேள்வி, ஏன்னா ஒரு காலத்துல அப்படித்தான். 1921-ல கனடால இன்சுலின கண்டுபுடிச்சதுல இருந்து அறுபது வருஷம் பன்னி, மாடு இதுங்களோட கணையத்துல இருந்துதான் எடுத்தாங்க, சில பேருக்கு அலர்ஜியும் வந்துது. 1978-ல மனுஷனோட இன்சுலின் ஜீன ஈ.கோலைங்கற பாக்டீரியாக்குள்ள வெச்சு அத செய்ய வெச்சாங்க, 1982-ல அது மருந்தா கடைக்கு வந்துது. இப்ப மருந்து கடைல ஹியூமன் இன்சுலின்னு விக்கறதெல்லாம் பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ பெரிய பெரிய டேங்க்ல செஞ்சு குடுக்கறதுதான். அட்டைல "ஆர்டிஎன்ஏ ஆரிஜின்"னு பொடி எழுத்துல போட்டிருக்கும், அதோட அர்த்தம் இதுதான், சந்தேகம் இருந்தா அத பாருங்க, அப்பவும் திருப்தி இல்லனா டாக்டர்கிட்டயே கேளுங்க, ஆனா சந்தேகத்துல ஊசிய மட்டும் நிறுத்திடாதீங்க.

குழந்தைக்கு போடற மஞ்சகாமாலை பி தடுப்பூசியும் இதே வழிதான், வைரஸோட மேல் ஓட்டு புரதத்த மட்டும் ஈஸ்ட்ட வெச்சு செய்யறாங்க, உள்ள வைரஸே கிடையாது. 1997-ல ஹைதராபாத்ல சாந்தா பயோடெக்னிக்ஸ் இத இந்தியாலயே செஞ்சப்பறம்தான் அந்த ஊசியோட விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டற அளவுக்கு இறங்கிச்சு.

ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

நிறைய இருக்கு, இத கேக்கற அண்ணனுங்களே தெனமும் அதுலதான் கை வெக்கறாங்க. தோல பதம் பண்றதுல பேட்டிங்னு ஒரு கட்டம் வருது இல்ல, சுண்ணாம்பு போட்டு எடுத்த தோல டிரம்ல போட்டு பவுடர் கலந்து சுத்த விடுவாங்க, அப்பால தோல கட்டை விரலால அழுத்தி பாத்தா விரல் தடம் அப்படியே நிக்கணும், நின்னாதான் பதம் வந்துச்சுன்னு அர்த்தம். அந்த பவுடர்ல இருக்கறது என்சைம், புரதத்த அறுக்கற புரதம், தோலுக்குள்ள வேண்டாத புரதத்த மட்டும் கரைச்சு தோல மெத்துனு ஆக்குது. அந்த காலத்துல உலகம் பூரா இதுக்கு நாய் பீ, புறா எச்சம்தான், ஏன்னா அதுல இருக்கற பாக்டீரியாவும் என்சைமும்தான் அந்த வேலைய செஞ்சுது. 1900-களோட ஆரம்பத்துல ஜெர்மனில ஓட்டோ ரோம்னு ஒருத்தர் வேலை செய்யறது என்சைம்தான்னு புரிஞ்சுக்கிட்டு கணையத்துல இருந்து எடுத்து பவுடரா வித்தாரு, தோல் தொழில்ல இருந்த அந்த அசிங்கம் அதோட ஒழிஞ்சுது.

இன்னும் ஒழியாதது முடி எடுக்கற கட்டம். சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்டுதான் பெரும்பாலும் முடி எடுக்கறாங்க, அதுல இருந்து வர்ற கழிவு ஆசிட்டோட சேர்ந்தா ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும், அழுகின முட்டை நாத்தம், தொட்டிக்குள்ள இறங்கின ஆளு மூச்சு திணறி சாகறது இதாலதான். சல்ஃபைட குறைச்சு என்சைம் வெச்சே முடி எடுக்கற முறைய சென்னைல இருக்கற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ரொம்ப வருஷமாவே செஞ்சு காட்டினு இருக்காங்க. என்சைம் விலையும் கொஞ்சம் கூட, வெப்பமும் நேரமும் சரியா பாத்துக்கலன்னா தோலோட மேல் பரப்பு கெட்டுடும், அதனாலதான் எல்லாரும் மாறல. என்ன கேட்டா, உசுருக்கு முன்னாடி அந்த விலை பெருசு இல்ல.

அப்ப பாக்டீரியாவ விட்டு பாலாற சுத்தம் பண்ணிட வேண்டியதுதானே?

பாதி முடியும், பாதி முடியாது, இத தெளிவா சொல்லிடணும். பொது சுத்திகரிப்பு நிலையத்துல காத்து ஊதி ஊதி கலக்கற தொட்டி இருக்கும், அதுல பழுப்பா சேறு மாதிரி சுத்தறது பூரா பாக்டீரியாதான், தண்ணில இருக்கற கொழுப்பு, புரதம் மாதிரி கரிமக் கழிவ அது தின்னுடும். குரோமியத்துல ரெண்டு வகை உண்டு, தோல் பதம் பண்ண போடறது குரோமியம்-3, ஆபத்து கம்மி, குரோமியம்-6ங்கறதுதான் கேன்சர் வரவெக்கறது. சில பாக்டீரியா குரோமியம்-6அ குரோமியம்-3ஆ மாத்தும், ராணிப்பேட்டை மண்ணுல கொட்டிக் கிடக்கற மாதிரி குரோமேட் கழிவுக்கெல்லாம் இது ஒரு வழிதான், ஆனா லேப்ல ஒரு குடுவைல நடக்கறதும் அத்தன டன் மண்ணுல நடக்கறதும் ஒன்னு இல்ல.

உப்பு இருக்கே, அத எந்த பாக்டீரியாவும் திங்காது. தோல் கெடாம இருக்க போட்ட உப்பு தண்ணியோட போயி நம்ம கிணத்துல இறங்கினதுக்கு ஆர்ஓவும் ஆவியாக்கற மெஷினும்தான் பதில். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட வழக்குல 1996-ல சுப்ரீம் கோர்ட் கெடுத்தவன்தான் காசு குடுக்கணும்னு தீர்ப்பு சொல்லிச்சு, இந்தியா பூரா சட்டம் படிக்கறவங்க இன்னிக்கும் அத படிக்கறாங்க, நம்ம வேலூர் பேர்ல வந்த தீர்ப்பு அது. அதனால யாராவது ஒரு டப்பா பவுடர காட்டி இத கொட்டினா ஆறு சுத்தம் ஆய்டும்னு வந்தா உப்புக்கு இன்னா பண்ணுவீங்கன்னு கேளுங்க.

மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) ரைசோபியம் பாக்கெட் குடுக்கறாங்களே, அது நெசமாவே வேலை செய்யுதா?

இது பெரியப்பாவோட கேள்வி. செய்யும், ஆனா பாக்கெட்டுக்குள்ள இருக்கறது உசுரோட இருந்தாதான் செய்யும். ரைசோபியம்ங்கறது வேர்ல குடி இருக்கற பாக்டீரியா, காத்துல இருக்கற நைட்ரஜன புடிச்சு செடிக்கு குடுக்குது, செடி பதிலுக்கு சர்க்கரை குடுக்குது. வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கு லேப் வேணாம். வெதைச்சு நாப்பது அம்பது நாள்ல மண்ணு ஈரமா இருக்கறப்ப ஒரு செடிய வேர் அறுந்துடாம மண்ணோட தோண்டி எடுத்து, வாளி தண்ணில அலசுங்க, வேர்ல கடுகு சைஸ்ல உருண்டை உருண்டையா முடிச்சு இருக்கும். நகத்தால ஒன்ன கிள்ளி பாருங்க, உள்ள ரோஸ் கலரா, ரத்தம் தொட்ட மாதிரி இருந்தா நைட்ரஜன் புடிச்சினு இருக்குன்னு அர்த்தம், நம்ம ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபினுக்கு சொந்தக்கார புரதம் ஒன்னு அதுல இருக்கு. வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா சும்மா உக்காந்து இருக்குன்னு அர்த்தம். ரோஸா இருக்கற வயலுக்கு யூரியா மேல யூரியா போட்டா செடி பாக்டீரியாவ கண்டுக்காது, முடிச்சும் கம்மியாய்டும், காசும் போச்சு.

பாக்கெட்ட வாங்கறப்ப தேதி பாருங்க, கடைக்காரர் வெயில்ல அடுக்கி வெச்சிருந்தா வாங்காதீங்க. ஆறின அரிசி கஞ்சில கலந்து விதைல பூசி, நிழல்ல அரை மணி நேரம் உலத்தி, அன்னிக்கே வெதைச்சிடணும். பூஞ்சாண மருந்து விதை நேர்த்தியோட சேர்த்து போட்டீங்கன்னா பாக்டீரியாவும் சேர்ந்து செத்துடும், மருந்து முன்னாடியே போட்டுட்டு இத கடைசில போடணும். விரிஞ்சிபுரத்துல வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அங்க கேட்டா எந்த பயிருக்கு எதுன்னு சொல்லுவாங்க. உளுந்து, மல்லாட்டைக்கு ரைசோபியம், நெல்லுக்கு அசோஸ்பைரில்லம், மாத்தி போட்டா வீண்.

ஹைபிரிட் தக்காளி, விதை இல்லாத திராட்சை இதெல்லாம் ஜீன் மாத்தினதா?

இல்ல. ஹைபிரிட்ங்கறது ரெண்டு ரகத்த மகரந்தம் மாத்தி சேர்த்தது. விதை இல்லாத திராட்சை இயற்கைலயே வந்து பதியம் போட்டு பரவினது. டிஷ்யூ கல்ச்சர் வாழையும் ஜீன் மாத்தினது இல்ல, ஒரு நல்ல கிழங்கோட நுனிய பாட்டில்ல வளத்து நகல் எடுக்கறாங்க, எல்லாம் ஒரே சமயத்துல தார் போடும், ஆனா ஒன்னுக்கு வர்ற நோய் எல்லாத்துக்கும் வரும். இந்தியால அனுமதியோட வியாபாரத்துக்கு பயிரிடற ஜீன் மாத்தின பயிர் பிடி பருத்தி ஒன்னுதான், 2002-ல வந்துது.

பிடி கத்திரிக்கா வந்தா நம்ம இலவம்பாடி முள் கத்திரிக்கா இன்னா ஆவும்?

முதல்ல பிடின்னா இன்னான்னு பாப்போம். பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ்ங்கற மண்ணு பாக்டீரியால இருந்து ஒரு ஜீன எடுத்து செடில வெச்சா செடியே ஒரு புரதத்த செய்யும், அத தின்ற புழுவோட வயித்துல காரத்தன்மை இருக்கறதால அங்க அது கிளம்பி குடல் சுவத்துல ஒட்டி ஓட்டை போடும். மனுஷ வயிறு அமிலம், அது ஒட்டறதுக்கு தேவையான இடமும் நம்ம குடல்ல கிடையாது. கத்திரிக்காக்கு தண்டு துளைப்பான், காய் துளைப்பான் தொல்லை எவ்ளோன்னு அணைக்கட்டு பக்கம் போட்டவங்களுக்கு தெரியும், வாரத்துக்கு ரெண்டு தடவ கூட மருந்து அடிக்கறாங்க, அந்த மருந்துதான் நேரா நம்ம தட்டுக்கு வருது. அதனால "பிடி விஷம்"னு சொல்றவங்க, இப்ப அடிக்கற மருந்து இன்னான்னும் கேக்கணும்.

ஆனா எனக்கு கவலையே இல்லன்னும் சொல்ல மாட்டேன். பருத்தில இளஞ்சிவப்பு காய்ப்புழு பிடி புரதத்துக்கே பழகிட்டு திரும்ப வந்துடுச்சு, ஓரமா சாதா பருத்தி போடுங்கன்னு சொன்னத யாரும் செய்யாததும் அதுக்கு ஒரு காரணம். இலவம்பாடி கத்திரிக்காவோ புவிசார் குறியீடு வாங்கின ரகம், காம்புல முள்ளு, தனி ருசி, விதைய வீட்லயே எடுத்து வெச்சு தலைமுறை தலைமுறையா போடறாங்க. அதுக்குள்ள ஒரு கம்பெனியோட ஜீன் வந்துட்டா விதை யாருதுங்கற கேள்வி வரும். 2010 பிப்ரவரில மத்திய அரசு பிடி கத்திரிக்காய நிறுத்தி வெச்சுது, பங்களாதேஷ்ல 2014-ல இருந்து விவசாயிங்க போடறாங்க. நம்ம ஊருக்கு எப்பவாவது வந்தா அரசாங்க பல்கலைக்கழகம் செஞ்ச, விவசாயி விதை எடுத்து வெக்கக்கூடிய ரகமா வரணும்ங்கறது என் கருத்து.

பிசிஆர், எலைசா ரெண்டும் ஒன்னா?

இல்ல. ரெண்டும் கிருமிய கண்டுபுடிக்கற டெஸ்டுதான், ஆனா வழி வேற. பிசிஆர் கிருமியோட ஜீனையே தேடும், துளியூண்டு இருந்தாலும் ரெண்டா, நாலா, எட்டான்னு பெருக்கி காட்டிடும், கொரோனா சமயத்துல எல்லாரும் மூக்குல குச்சி விட்டு பாத்தது. எலைசா கிருமிக்கு எதிரா நம்ம உடம்பு செஞ்ச ஆன்டிபாடியவோ (எதிர்ப்பு புரதத்தையோ) கிருமியோட புரதத்தையோ தேடும், குழி குழியா இருக்கற பிளாஸ்டிக் தட்டுல ரத்தத்தோட சீரத்த விட்டா, பாசிட்டிவ்னா கலர் மாறும்.

1986-ல இந்தியால முதல் முதலா எச்ஐவி இருக்குன்னு தெரிஞ்சது அந்த மாதிரி ஒரு தட்டுலதான், நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரில. சென்னைல டாக்டர் சுனிதி சாலமனோட மாணவி நிர்மலா ரத்த மாதிரிங்கள எடுத்து, ஐஸ் போட்ட பெட்டில வெச்சு ராத்திரி ரயில்ல காட்பாடிக்கு கொண்டாந்தாங்க, டாக்டர் ஜேக்கப் ஜானோட லேப்ல போட்டு பாத்தா ஆறு குழி மஞ்சளா மாறி இருந்துது. நாட்டோட எய்ட்ஸ் தடுப்பு வேலை அதுல இருந்துதான் ஆரம்பிச்சுது.

பக்கத்துல கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரில நடக்கறத பத்தியும் சொல்லணும். தொழுநோய் கிருமி லேப் தட்டுல வளரவே வளராது, எலியோட பாதத்துல விட்டு மாசக்கணக்கா காத்திருந்துதான் மருந்து கேக்குதா இல்லையான்னு பாப்பாங்க. பிசிஆர் வந்தப்பறம் கிருமியோட ஜீன்ல மாற்றம் இருக்கான்னு சில நாள்லயே பாத்து ரிஃபாம்பிசின்ங்கற தொழுநோய் மருந்து வேலை செய்யுமான்னு சொல்லிடலாம்.

ரோட்டா சொட்டு மருந்து வேலூர்ல கண்டுபுடிச்சதா?

ரோட்டாங்கறது குழந்தைங்களுக்கு பேதி வரவெக்கற வைரஸ். அதுக்கான சொட்டு மருந்த கண்டுபுடிச்ச இடம் டெல்லி, 1980-கள்ல அங்க பேதியே இல்லாம இருந்த பச்சக் குழந்தைங்ககிட்ட இருந்து எடுத்த வைரஸ் அது, இயற்கைலயே வீரியம் குறைஞ்சது, அத செல் கல்ச்சர்ல வளத்து மருந்தாக்கினாங்க. ஆனா வேலை செய்யுதான்னு சோதிச்ச மூணு ஊர்ல ஒன்னு வேலூர், டெல்லி, புனேயோட சேர்த்து 6,799 குழந்தைங்க, இங்க டாக்டர் ககன்தீப் காங் நடத்தினாங்க. முதல் வருஷத்துல கடுமையான ரோட்டா பேதி பாதிக்கு மேல கொறைஞ்சுது. 2016-ல அரசு தடுப்பூசி திட்டத்துல சேர்ந்துது, 6, 10, 14 வாரத்துல குடுப்பாங்க, இலவசம். அந்த சோதனைக்கு கைக்குழந்தைய தூக்கிட்டு வந்த நம்ம ஊர் அம்மாங்களுக்கு நாடே கடன்பட்டிருக்கு.

சிஎம்சில ஜீன் தெரபி பண்றாங்களாமே?

ஆமா, ஹீமோபீலியா ஏ-க்கு. ரத்தம் உறையறதுக்கு ஃபேக்டர் எட்டுன்னு ஒரு புரதம் வேணும், அந்த ஜீன் கெட்டு பொறந்தவங்களுக்கு லேசா இடிச்சாலே மூட்டுக்குள்ள ரத்தம் கசியும், வாழ்நாள் பூரா ஊசிதான். டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமைல இங்க இருக்கற ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையமும் சிஎம்சியும் சேர்ந்து நோயாளியோட ரத்த ஸ்டெம் செல்ல (புது ரத்த செல்ல உண்டாக்கற தாய் செல்ல) எடுத்து, நோய் தராத மாதிரி மாத்தின லென்டி வைரஸ வெச்சு நல்ல ஜீன உள்ள அனுப்பி, திரும்ப அவங்க உடம்புக்கே ஏத்தினாங்க. அஞ்சு பேருக்கு செஞ்சாங்க, சிகிச்சைக்கு அப்பால ரத்தக்கசிவு வரலன்னு 2024 டிசம்பர்ல அறிக்கை வந்துது. இது இன்னும் ஆராய்ச்சி கட்டம்தான், ஏத்தறதுக்கு முன்னாடி கீமோ மாதிரி மருந்து குடுக்கணும், அதுக்கு தனி ஆபத்து உண்டு, நாளைக்கே போயி கேட்டா எல்லாருக்கும் கிடைக்காது.

பையன் பயோடெக் படிக்கறேன்றான், சேர்க்கலாமா?

ஆசை இருந்தா சேர்த்துடுங்கக்கா, நீட் கிடைக்கலயேன்னு தள்ளி விடாதீங்க. டிகிரி மட்டும் முடிச்சா முதல் வேலை குவாலிட்டி கன்ட்ரோல், புரொடக்‌ஷன்னு சின்ன சம்பளத்துலதான் வரும், அதுவும் ஹைதராபாத், பெங்களூர், புனே, சென்னைன்னு கிளம்பணும். எம்எஸ்சி, பிஎச்டி வரைக்கும் போற பொறுமை இருந்தா ஜாம், கேட்-பி மாதிரி நுழைவுத் தேர்வு எழுதி நல்ல இடத்துல உதவித்தொகையோட படிக்கலாம். காலேஜ் பாக்கறப்ப கட்டடத்த பாக்காதீங்க, மூணாவது வருஷ பசங்ககிட்ட போயி "நீங்களே பைபெட் புடிச்சு பிசிஆர் போட்டீங்களா, இல்ல சார் செஞ்சத சுத்தி நின்னு பாத்தீங்களா"ன்னு கேளுங்க.

பிரசவத்துக்கு முன்னாடியே தொப்புள்கொடி ரத்தம் சேமிக்க சொல்றாங்க, கட்டலாமா?

ஆரோக்கியமான குடும்பம்னா வேணாம். அந்த ரத்தத்துல ஸ்டெம் செல் இருக்கறது உண்மை, ரத்த நோய்க்கு பயன்படறதும் உண்மை. ஆனா உங்க குழந்தைக்கு பரம்பரை ரத்த நோய் வந்தா அதே கெட்ட ஜீன்தான் அந்த பைக்குள்ளயும் இருக்கும், அத திரும்ப ஏத்தி பிரயோஜனம் இல்ல. சொந்தத்துக்கு பயன்படற வாய்ப்பு ரொம்ப ரொம்ப கம்மி, ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) தனியார் பேங்க்ல கட்டி வெக்கறத பரிந்துரை பண்ணல. வீட்ல ஏற்கனவே ஒரு குழந்தைக்கு தலசீமியா மாதிரி நோய் இருந்தா மட்டும் விஷயம் வேற, அப்ப ஹெமட்டாலஜி (ரத்த நோய்) டாக்டர்கிட்ட முன்னாடியே பேசுங்க.

அதே மாதிரி மூட்டுவலி, ஆட்டிசம், சர்க்கரைக்கெல்லாம் ஸ்டெம் செல் ஊசின்னு லட்சக்கணக்குல கேட்டா எழுந்து வந்துடுங்க. அந்த நோய்ங்களுக்கெல்லாம் அது இங்க ஆராய்ச்சியா மட்டும்தான் நடக்கலாம், ஒழுங்கா நடக்கற ட்ரையல்னா சிடிஆர்ஐங்கற இந்திய மருத்துவ சோதனை பதிவேட்டுல பதிவு எண் இருக்கும், அத எழுதி குடுக்க சொல்லுங்க, சிகிச்சைக்கு உங்ககிட்ட காசு வாங்க மாட்டாங்க.